கேமரா திருப்பிய கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். இதை என் எதிரிகள் சொல்ல வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். குமாசி நகரத்துப் பந்தாமாப் பேட்டையில் என்னிடம் தலை பின்னிக்கொள்ள வருகிறவர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதே, சீப்பால் மண்டையில் ஒன்று போட்டுவிடுவேன் என்கிற பயத்தில்தான். அப்படிப்பட்ட அப்ராஃபியாகிய நான், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், யாரும் யாரையும் திட்டக் கூடாது என்கிற ஓர் இடத்தை இணையத்தில் நடத்திக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு முற்றம் என்று பெயர். நான் கால்பந்து கேம் ஆடுவேன். லேப்டாப் அதை நேரலையாக வெளியே அனுப்பும். திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் என் முகம் தெரியும். பார்க்கிறவர்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருப்பார்கள், நான் ஆடிக்கொண்டே பதில் சொல்வேன். சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றால், எங்கள் ஊரில் சாவுச் சடங்கெல்லாம் அன்றைக்குத்தான், குமாசியே கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு சாவு வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் ஞாயிறு, சர்ச் முடிந்த பிறகு. சலூன் பூட்டியிருக்கும், சாவி என்னிடம் இருக்கும். முடி காயவைக்கும் இயந்திரத்தின் கம்பியில் மைக்கைக் கட்டிவிட்டு ஆரம்பிப்பேன். அக்கம்பக்கத்து வீடுகளில் ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடிக்கிற உலக்கைச் சத்தம் தொம் தொம் என்று மைக்குக்குள் வரும். "அக்கா, இன்னைக்கு உங்க பக்கத்து வீட்டுக் கிழங்கு மசியவே மாட்டேங்குது போல" என்று யாராவது எழுதுவார்கள்.

பார்க்கிறவர்கள் என்று சொன்னேனே, அது பாதிப் பொய். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பார்ப்பதில்லை, கேட்பார்கள். படம் டேட்டாவைக் குடித்துவிடும். கெஜேத்தியா சந்தையில் கிழங்கு பொரித்து விற்கிற மாமே டோகோ போனை மார்புத் துணிக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியோடு என் ஆட்டத்தைக் கேட்பாள். அவளுக்காக நான் வானொலிக்காரி மாதிரி விடாமல் பேசுவேன். "பந்து இடது ஓரம் போகுது, போகுது, ஐயோ இந்தச் சோம்பேறி ஓட மாட்டேங்கறான்!" என்று நான் கத்தினால் சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். படம் பார்க்கிற மீதிப் பேரும் மங்கலான, கட்டம் கட்டமான படத்தைத்தான் பார்த்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதனால்தான் பின்னால் வந்த வினை யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தது.

திட்டக் கூடாது என்ற சட்டம் ஏன் வந்தது என்றால், நான் திட்டு வாங்கியிருக்கிறேன். மற்றவர்களின் நேரலைகளில் ஒரு பெண் கால்பந்து பற்றி வாய் திறந்தால் போதும், "அடுப்பு அணைஞ்சுபோச்சா, போய்ப் பாரு" என்று நூறு பேர் பாய்வார்கள். ஒருநாள் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனிதன் மனிதனாக உட்காருகிற ஓர் இடத்தை நானே உண்டாக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வழி தெரியாமல் இல்லை. எங்கள் வீடுகளில் அந்நியன் வந்தால் என்ன செய்வோம்? நாற்காலி போடுவோம். தண்ணீர் கொடுப்போம். அவன் குடித்த பிறகு, "இங்கே எல்லாரும் சௌக்கியம், நீங்கள்தான் நடந்து வந்தவர், வந்த சேதி என்ன?" என்று கேட்போம். பெரிய வீடாக இருந்தால் வீட்டுக்காரர் நேராகக் கேட்க மாட்டார். அவருக்காகப் பேச, கையில் கோலோடு ஒச்சியாமே இருப்பான். அரசர் சொல்வதை இனிமையாக்கி வெளியே சொல்கிறவன் அவன். வெளியே இருந்து வருகிற கசப்பை வடிகட்டி உள்ளே சொல்கிறவனும் அவன்தான். என் வாய்க்கு அப்படி ஒருத்தன் கட்டாயம் வேண்டியிருந்தது.

துமாசி கிடைத்தான். முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும். சுவாமேயின் வண்டிப் பட்டறைகளில் வெல்டிங் வேலை செய்கிறான் என்று மட்டும் சொல்லியிருந்தான். முற்றத்துக்குள் யார் புதிதாக வந்தாலும் ஒரு தண்ணீர்க் குவளைப் படம் போட்டு வரவேற்பான். ஒருநாள் ஒருத்தன் வந்ததும் வராததுமாக, "சமையக்கட்டுக்குப் போடி" என்று எழுதினான். என் வாய் திறப்பதற்குள் துமாசி எழுதிவிட்டான். "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க. இங்க எல்லாரும் சௌக்கியம். வந்த சேதி சொல்லுங்க."

"என்ன சேதி? ஒரு சேதியும் இல்ல" என்றான் அவன். "சேதி இல்லாம அடுத்த வீட்டுக்குள்ள நுழையறது ஆடுதான். உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று எழுதினான் துமாசி. முற்றமே சிரித்தது, வந்தவனும் சிரித்துவிட்டான். அவன் இன்றைக்கு வரை எங்களோடுதான் இருக்கிறான். அப்படியும் அடங்காமல் திட்டினால், திட்டியவர் அடுத்த ஞாயிறு வெளியே நிற்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் ஒரு சின்னக் கல்யாணக் கூட்டம் அளவுக்குச் சேர்ந்துவிட்டோம். எல்லாரும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, பிடிவாதம். ஈஸ்டர் திங்கட்கிழமை, எங்கள் பேட்டைச் சமூகக் கூடத்தில் போட்டி, சாப்பாடு. கூடத்துக் கமிட்டித் தலைவர் நானா ஜாசியிடம் போய்க் கேட்டேன். நானா என்பது எங்கள் ஊரில் பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல். முழங்கால் வரை பொறுமை உள்ள மனுஷர், அதற்கு மேல் என்னை மாதிரி. "கேம்னா சூதாட்டமா? நான் ஒருநாள் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். என் பேத்தி போன்ல காட்டட்டும்" என்றார்.

முற்றத்தில் சொன்னேன், எல்லாரும் குதித்தார்கள். துமாசி மட்டும், "நான் வரலக்கா" என்று எழுதினான்.

"ஏண்டா? சுவாமே என்ன அமெரிக்காவுலயா இருக்கு?"

"ஒச்சியாமே வெறும் குரல்தானே. குரலுக்கு எதுக்கு நாற்காலி?"

என்ன கேட்டும் அதற்கு மேல் பேச்சு இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. முற்றம் என்றால் அதில் பாதி அவன். அவன் வராத கூட்டத்துக்கு நான் எதற்குக் கூடம் தேடி அலைய வேண்டும்? அவனைக் கூட்டிக்கொண்டு வராமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நானா ஜாசி வந்தார், பேத்தியின் பெயரில். துமாசி அன்றைக்கு வரவேற்றதைப் பார்த்திருக்க வேண்டும். அரண்மனையில்கூட அப்படிப் பேச மாட்டார்கள். "எங்கள் நிழலுக்கு மரம் வந்திருக்கு. நானா, இந்தத் தண்ணிய வாங்கிக்கணும்" என்று எழுதிக் குவளையை வைத்தான். "தாத்தா குடிச்சேன்னு சொல்றார். இந்தப் பையன் நல்லா வளந்தவன்ங்கறார்" என்று பேத்தி எழுதினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். முழங்காலை மடித்து, வலது கையை உயர்த்தி, வாய் நிறைய வணக்கம் சொன்னேன்.

 கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தி எழுதினாள். "அக்கா, தாத்தா எழுந்து போயிட்டார். ரொம்பக் கோபம். ஏன் அப்படி செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"இடது கையால கும்பிட்டீங்களே!"

எங்கள் ஊரில் இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் கும்பிடுவதும் எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? சின்னப் பிள்ளை இடது கையை நீட்டினால் முதுகில் ஒன்று விழும். நான் ஒரு பெரியவருக்கு, கூடத்தின் சாவியை வைத்திருக்கிறவருக்கு, இடது கையைத் தூக்கினேனாம்! மறுநாள் காலையில் கூடம் இல்லை என்று சொல்லியனுப்பினார். அதோடு விட்டதா? எந்தப் புண்ணியவானோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். சலூனுக்கு வந்த பெண்களெல்லாம் கண்ணாடி வழியாக என் கையையே பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

நானும் அந்தத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். பார்த்தால், ஆமாம், இடது கைதான். எனக்கே பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம்தான் பின்னால் சுவரில் இருந்த தலைமுடிக் க்ரீம் விளம்பரம் கண்ணில் பட்டது. அதில் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பி ஓடியது.

நான் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து வேலை செய்கிறவள். முதன்முதலில் நேரலை தொடங்கியபோது கேமராவில் என் முகம் யாரோ மாதிரி இருந்தது, வகிடு தப்பான பக்கம் இருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றும் பொத்தான் ஒன்று இருந்தது, அழுத்தினேன், நிம்மதியாக இருந்தது, மறந்துவிட்டேன். தலை பின்னுகிறவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். இரண்டு வருஷமாக நான் தூக்கிய ஒவ்வொரு வலது கையும் ஊருக்கு இடது கையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்கிறவர்கள் கேட்டார்கள், மங்கலாகப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. நானா ஜாசியின் பேத்திக்கு மட்டும் நல்ல போன், நல்ல டேட்டா.

அடுத்த ஞாயிறு நான் அதுவரை பார்க்காத கூட்டம். எல்லாம் திட்ட வந்தவர்கள். மழை மாதிரி வசவு கொட்டியது. துமாசி ஒவ்வொருத்தருக்கும் தண்ணீர் வைத்துக்கொண்டே இருந்தான், சளைக்கவில்லை. நான் விளம்பரத்தைக் காட்டினேன், எழுத்து திரும்பியிருப்பதைக் காட்டினேன், பிறகு எல்லார் கண் முன்னாலும் பொத்தானை அழுத்தினேன். எழுத்து நேரானது. கையை உயர்த்தினேன். வலது கை வலது கையாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா? கண்ண நல்லாத் துடைச்சுட்டுப் பாருங்க!" என்று கத்தினேன்.  "சோத்தாங்கை! இது சோத்தாங்கை! பீச்சாங்கையால கும்புடு போடற ஈனப் பிறவின்னு நெனச்சீங்களா என்ன? என்னப் பெத்தவ மனுஷியாத்தான் பெத்தா!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. சிரிப்பும் இதயமுமாகக் கொட்டியது. திட்ட வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலமே நானா ஜாசி கூப்பிட்டார். "என் பேத்தி காட்டினா. கண்ணாடி செஞ்ச கூத்துக்கு ஒன்னக் கோவிச்சுக்கிட்டேன். கூடத்த எடுத்துக்கோ" என்றார். நான் சலூன் நாற்காலியில் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

சுற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன். துமாசியைக் காணவில்லை. அரட்டையில் அவனுடைய கடைசி வரி ஒரு சிரிப்புப் படம். அதற்குக் கீழே, "ஒச்சியாமே கோலை இறக்கி வைக்கிறேன் அக்கா. வேற ஆள் பாத்துக்கோங்க" என்று இருந்தது. கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒருவேளை உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்தேன். பிறகு அவன்மேலேயே கோபம் வந்தது. நாம் ஜெயித்த நாளில் ஓடுகிறானே!

செவ்வாய்க்கிழமை கடையைக் கூட வேலை செய்கிற பெண்ணிடம் விட்டுவிட்டு ட்ரோட்ரோ வேன் பிடித்து சுவாமே போனேன். அந்தத் தகரக் காட்டுக்குள் ஒரு வெல்டரைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான். "எந்தத் துமாசி? என்ஜின் துமாசியா, பெயிண்ட் துமாசியா?" என்று ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பக்கம் கையைக் காட்டினான். பேச்சு இனிமையாக இருக்கும் என்று சொன்னதும் ஒரு டயர்க் கடைக்காரி சிரித்தாள். "அவனா, வாங்க" என்று கூட்டிப்போனாள்.

ஒரு பழைய வண்டியின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நான் நினைத்ததைவிட வயது கூட, முப்பதுக்கு மேல் இருக்கும். என் குரலைக் கேட்டதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவன் துமாசிதானே? முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். பிறகு தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மன்னிக்கணும், இடது" என்றான்.

அவனுடைய வலது சட்டைக்கை நீளமாக இருந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் உள்ளே எதுவும் இல்லை.

நான் தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். 

"நீங்க பொய் சொல்லலக்கா. அது வலது கைதான்" என்றான் அவன், மெதுவாக.

"பின்ன ஏண்டா போனே?"

"நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ மன்னிப்புக் கேக்கறேன் தெரியுமா? கடைக்காரிகிட்ட, ட்ரோட்ரோக்காரன்கிட்ட, சர்ச்ல, சாவு வீட்ல. எல்லாரும் வரிசையா உக்காந்திருப்பாங்க, கைகுடுத்துட்டு வரணும். சில பேரு நீட்டின கைய மடக்கிப்பாங்க. அதனால நான் சாவுக்கே போறதில்ல. என் சொந்த மாமா சாவுக்குப் போகல." கதவின் மேல் இருந்த துருவை விரலால் சுரண்டினான். "முற்றத்துல யாருக்கும் கை தெரியாது. அங்க மட்டும் நான் ஒரு தடவகூட மன்னிப்புக் கேட்டதில்ல. எல்லாருக்கும் தண்ணி குடுத்தேன், எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னதும் அத்தன பேரும் சிரிச்சாங்களே? நானும் சிரிப்புப் படம் ஒண்ணு போட்டேன். எந்தக் கையால போட்டேன்? அதுக்கப்பறம் முடியலக்கா."

எனக்கு அந்தத் தகரக் கொட்டகைக்குள் அப்படியே புதைந்துபோகலாம் போல இருந்தது. நாக்கில் சனி என்பார்களே, அது என் நாக்கில் குடித்தனமே நடத்துகிறது. "தப்பு என்னோடது. நான் சொன்னது அசிங்கம்" என்றேன். "ஈஸ்டர் திங்கக்கிழமை நீ வரணும்."

"வரமாட்டேன். வந்து, அங்கயும் வரிசையா மன்னிப்புக் கேக்கவா?"

 ட்ரோட்ரோவில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.  முதலில் செய்ய வேண்டிய வேலை எதுவென்று மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிரம்பி வழிந்தது. கையைப் பார்க்க வந்து தங்கிவிட்ட புது ஆட்கள், அவர்கள் கூட்டி வந்த புது ஆட்கள். இரண்டு வருஷமாக நான் கனவில் பார்த்த கூட்டம். நான் கேமை ஆரம்பிக்கவில்லை.

"இந்த முற்றத்துல திட்டினவங்க அடுத்த ஞாயிறு வெளிய நிக்கணும். போன வாரம் ஒருத்தர் திட்டினார். அது நான்தான்" என்றேன்.

"நீங்க யாரத் திட்டினீங்க?" என்று எழுதினார்கள்.

"இடது கையால சாப்பிடறவங்க, எழுதறவங்க, வேற கை இல்லாதவங்க, எல்லாரையும். ஈனப் பிறவின்னு சொன்னேன்."

"அது கோபத்துல சொன்னதுக்கா, விடுங்க. அப்படி யாரும் இங்க இல்லையே" என்று ஒருத்தர் எழுதினார்.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? சட்டம் எனக்கும் சட்டம்தான்" என்றேன். துமாசியின் பெயரை நான் உச்சரிக்கவில்லை. அவன் கையை ஊருக்குக் காட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது? "நான் வெளிய போறேன். அடுத்த ஞாயிறு ஈஸ்டர், ஆட்டம் இல்ல. மறுநாள் திங்கக்கிழமை கூடத்துல பாக்கலாம்."

லேப்டாப்பை மூடினேன். அவ்வளவு கூட்டத்தையும் என் கையால் விரட்டிவிட்டு அந்த வெறும் சலூனில் உட்கார்ந்திருந்தபோது வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். புது ஆட்களில் பெரும்பாலோர் அன்றைக்குப் போனவர்கள் போனவர்கள்தான்.

இரண்டு நாளில் நானா ஜாசி கூப்பிட்டார். "ஏம்மா, முடிஞ்சுபோன விஷயத்த எதுக்குக் கிளர்றே? இப்ப இடது கைக்கு வக்காலத்து வாங்கறியாமே?"

"ஆமா நானா."

"அதெல்லாம் என் கூடத்துல நடக்காது."

"வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. பேட்டையில மாமரம் இருக்கு, அங்க வெச்சுக்கறேன். நிறுத்த மாட்டேன்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். துமாசிக்கு ஒரே ஒரு சேதி அனுப்பினேன். "நாற்காலி போட்டு வெச்சிருப்பேன். வந்தாலும் போட்டிருப்பேன், வராட்டியும் போட்டிருப்பேன்." பதில் இல்லை.

ஈஸ்டர் திங்கட்கிழமை காலையில் போனால் கூடம் திறந்திருந்தது. நானா ஜாசி மடிப்புக் கலையாத துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு, காவல்காரர் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. நாற்காலிகளை வளைவாகப் போட்டேன். கதவுக்கு வலப்புறம் முதல் நாற்காலியில் நான், அடுத்தது அவர், அப்புறம் எண்ணெய் வாசனையோடு மாமே டோகோ, பிறகு மற்றவர்கள். வருகிறவர்கள் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருத்தருக்கும் கைகொடுத்துக்கொண்டு போனார்கள். "நீங்கதானா அது!" என்று கத்தல், கட்டிப்பிடிப்பு, சிரிப்பு. எழுத்தாக இருந்தவர்களுக்கெல்லாம் மூக்கும் வயிறும் முளைத்திருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கண் கதவை விட்டு நகரவில்லை.

போட்டி ஆரம்பிக்கிற நேரத்தில் கதவில் ஒருத்தன் நின்றான். நீலச் சட்டை, புதிதாக இஸ்திரி போட்டது, கை நீளம். உள்ளே வரலாமா என்று யோசிக்கிறவன் மாதிரி நிலைப்படியிலேயே நின்றான். பிறகு நேராக என் முன்னால் வந்தான்.

"மன்னிக்கணும், இடது" என்றான், கையை நீட்டி.

பழக்க தோஷத்தில் என் வலது கைதான் எழுந்தது. இடதும் வலதும் ஒன்றோடொன்று பொருந்தாது, நீங்களே செய்து பாருங்கள். அதைக் கீழே இறக்கினேன். என் இடது கையை நீட்டி அவன் கையைப் பிடித்தேன். இரும்பு மாதிரி இருந்தது. கூடத்தில் பேச்சு நின்றுபோனது. பிறந்ததிலிருந்து நான் பெரியவர்கள் முன்னால் செய்யாத காரியம் அது.  ஆனாலும் விடவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது.

"ஏம்மா அப்ராஃபி, இதுவும் கேமரா வேலையா?" என்றார் நானா ஜாசி.

"இல்ல நானா. இது இடது கையேதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துமாசி அதற்குள் அவர் முன்னால் போய்விட்டான். தலையைக் குனிந்து கையை நீட்டினான். "மன்னிக்கணும் நானா, இடது."

"வலது எங்க?"

"சுவாமேல, ஒரு மிஷின் வாங்கிக்கிச்சு."

"நீ யாரு?"

"துமாசி. முற்றத்தோட ஒச்சியாமேயா இருந்தேன்."

நானா ஜாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கள் நிழலுக்கு மரம் வந்திருக்குன்னு சொன்னவனா? எனக்குத் தண்ணி குடுத்தவன் நீதானா?"

"ஆமா நானா."

"எந்தக் கையால குடுத்தே?"

"இருக்கற கையாலதான் நானா."

பெரியவர் அவன் கையைப் பார்த்தார். சட்டைக்கையைப் பார்த்தார். 

"குடிச்சுட்டேனே" என்றார்.

முதலில் மாமே டோகோ சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அவர் அவளை முறைத்தார். பிறகு தன் இடது கையில் பிடித்திருந்த துணியின் நுனியைப் பார்த்தார். அதை விட்டால் துணி மொத்தமும் சரிந்துவிடும். "இதப் புடி. கீழ விட்டியானா தெரியும் சேதி" என்று நுனியை என்னிடம் திணித்தார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கையை நீட்டினார். அது எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது.

"எனக்கு இந்தக் கை பழக்கமில்ல. கோணலா இருந்தா பொறுத்துக்கோ" என்றார்.

துமாசி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு மாமே டோகோவிடம் போனான். "மன்னிக்கணும், இடது." அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு இடதை நீட்டினாள். அடுத்த நாற்காலி. "மன்னிக்கணும், இடது." அதற்கு அடுத்தது. சிலர் சட்டென்று கொடுத்தார்கள். சிலர் எந்தக் கை என்று குழம்பி இரண்டையும் தூக்கினார்கள். ஒருத்தன் சும்மா இருந்தான், நான் இங்கிருந்தே ஒரு பார்வை பார்த்தேன், அவனும் நீட்டினான். நான் துணி நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புடிச்சது போதும், குடும்மா" என்று நானா ஜாசி சொன்னது காதில் விழவில்லை. துமாசி வளைவின் கடைசிக்குப் பக்கத்தில் போயிருந்தான். கையை நீட்டினான், ஏதோ கேட்டான், எதிரே இருந்தவன் சிரித்தான். அடுத்தவனுக்கு நீட்டினான். மன்னிக்கணும் என்று சொல்வதை அவன் எந்த நாற்காலியில் நிறுத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனித்தபோது நிறுத்தியிருந்தான்.